கண்ணுசாமி போட்ட மூன்றாம் ஊசி

கண்ணுசாமி எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஊர்களில் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர். இருபத்தைந்து வருடமாக இதே வேலை. மற்ற ஊசிக்காரர்கள் கொஞ்ச நாள் கழித்துப் போன் போட்டு, "மாடு சினை நின்னுதுங்களா?" என்று விசாரிப்பார்கள். கிடேரிக் கன்று பிறந்தால் சீம்பால் வாங்க வாசலுக்கே வந்துவிடுவார்கள். இவர் எதையும் கேட்கமாட்டார். கையைக் கழுவுவார், "வாரேனுங்க" என்பார், வண்டியைக் கிளப்பிவிடுவார்.

எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. பலித்ததா என்று கேட்காத மனுசன் அப்படி என்ன ஊசி போடுகிறாரோ? ஒருமுறை வாயைக் கிண்டினேன். "வேலையச் செய்யறது நம்ம பாடு, மத்தது சாமி பாடுங்க" என்றார். தேரில் நின்று கண்ணன் சொன்னதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். என் செவலைப் பசுவுக்கு இரண்டு தடவை போட்டும் நிற்கவில்லையே. மூன்றாவதும் தவறினால் அடிமாட்டு லாரியில் ஏற்றிவிடுவதாக வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். கன்றிலிருந்து நான் வளர்த்த மாடு அது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் முறை கண்ணுசாமி காலையில் வந்தார். ஊசியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை, அவர் பொறுமையாக நின்றார். போட்டுவிட்டு அவர் தலை மறைந்ததும், பக்கத்து ஊர் ஊசிக்காரன் சந்தோஷ்குமாருக்கு ரகசியமாகப் போன் செய்தேன். சாயங்காலம் அவனும் ஒன்று போட்டான். காலையில் நடந்ததை அவனிடம் மூச்சுவிடவில்லை.

செவலை சினை நின்றது. ஒன்பது மாதம் கழித்துக் கிடேரி போட்டது. நான் சந்தேகப்பட்டது சரிதான் என்று, தூக்கு நிறையச் சீம்பால் எடுத்துக்கொண்டு சந்தோஷ்குமார் வீட்டுக்குப் போனேன்.

அவன் வாங்கவில்லை. "அக்கா, அன்னிக்கு உங்க கொட்டாய்ல ஊசி உறை கெடந்துச்சுங்க. போடறதுக்கு முந்தி வெளிய வந்து கண்ணுசாமி அண்ணங்கிட்டப் போன்ல கேட்டேன். அவருதான், சாயங்காலம் இன்னொன்னு போட்டா நிக்கறதுக்கு நல்லது, போட்டுட்டு வா, அக்கா பயந்து கெடக்குது, எனக்குத் தெரியும்னு காட்டிக்காதேன்னாருங்க. இப்ப இது யாரு ஊசின்னு எனக்கே தெரியாது."

வெட்கமாகிவிட்டது. அதே தூக்கோடு கண்ணுசாமியைத் தேடிப் போனேன். யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டகையில் அவர் மாட்டைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நின்றார்.

"தப்புப் பண்ணிட்டேனுங்கண்ணா. மாடு கெடேரி போட்டிருக்குது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "எந்த மாடுங்க?"

நடிக்கிறாரோ என்று அப்போதும் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தேன். அவருக்கு நிஜமாகவே ஞாபகமில்லை.