இலந்தை மரத்திலிருந்து மூன்றாவது கபர்

விருத்தாசலத்துப் பீங்கான் கொட்டகை ஒன்றில், ஃப்யூஸ் கட்டைகளின் விளிம்பை ஈரப் பஞ்சால் வழித்தெடுப்பது அஜீஸாவின் வேலை. பதினாறு வருஷமாக அதே முக்காலி, அதே ஜன்னல். கைரேகையெல்லாம் களிமண்ணோடு போய்ச் சேர்ந்துவிட்டது. ஆதாருக்கு விரல் வைக்கப் போனபோது, இப்படி ஒரு பெண் உலகத்திலேயே இல்லை என்று இயந்திரம் சாதித்தது. "அப்ப எங்க வூட்டுல சோறாக்குறது யாரு, பேயா?" என்று கேட்டுவிட்டு வந்தவள் அவள்.

அவளைத்தான் ஓமன் நாட்டைச் சுற்றிப் பார்க்க மகன் ஃபாயிஸ் கூப்பிட்டான். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்.

"கோட்டை, மலை, ரோஜாத் தோட்டம் எல்லாம் காட்டுறேம்மா."

"ஒங்க அத்தாவோட கபரக் காட்டுவியா?"

அவன் போனிலேயே வரைபடத்தைத் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "போற வழிதாம்மா. போலாம்."

அவள் புருஷன் கலீல் ரஹ்மான், மங்கலம்பேட்டையிலிருந்து அந்த நாட்டுக்குக் கொத்து வேலைக்குப் போனவர். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பழைய மண்கோட்டையைப் பழுது பார்த்தபோது சாரம் சரிந்து விழுந்தார். அங்கேயே அடக்கினார்கள். ஃபாயிஸுக்கு அப்போது எட்டு வயது. தங்கச்சி ஹஸ்னா வயிற்றில். பையன் அழவே இல்லை. அத்தா இந்தத் தடவை சாக்லேட் அனுப்ப மறந்துவிட்டார் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தான். அடக்கத்தில் கூட நின்ற உஸ்மான் ஊருக்கு வந்தபோது அடையாளம் சொன்னார்: "வாசல்ல ஒரு எலந்த மரம் இருக்குது. அதுலேர்ந்து மூணாவது." அந்த வருஷமே அவரும் மவுத்தாகிவிட்டார். அதற்குமேல் கேட்க ஆளில்லை.

கபரில் பதிக்க அஜீஸா உள்ளங்கை அகலத்தில் ஒரு பீங்கான் தகடு வார்த்தாள். ஹஸ்னா அதில் நீலத்தில் அத்தாவின் பெயரையும் ஊரையும் எழுதினாள். ஃப்யூஸ் கட்டைகளோடு சூளையில் வேகவைத்து எடுத்து, புடவைக்குள் சுருட்டி விமானம் ஏறினாள்.

கார் ஓட்டிய கொளஞ்சிநாதன் திட்டக்குடிக்காரர். வாய் ஓய்ந்தால் வண்டி நின்றுவிடும் என்று யாரோ பயமுறுத்தி வைத்த மாதிரி பேசினார். முதல் கோட்டையைக் காட்டி, "இத ஜின்னுங்க ஒரே ராத்திரியில கட்டுனதுக்கா" என்றார்.

"ஜின்னுக்குச் சம்பளமாச்சும் ஒழுங்காக் குடுத்தாங்களாமா?"

"அது தெரியலக்கா. ஓவர்டைம் கண்டிப்பா குடுத்திருக்க மாட்டாங்க."

மலைமேல் படிப்படியாக வெட்டிய வயல்கள், பாறையைக் குடைந்து வரும் வாய்க்கால், சரிவெல்லாம் ரோஜா. ஒவ்வொரு பூவும் முட்டைக்கோஸ் அளவு இருக்கும் என்று கொளஞ்சிநாதன் சத்தியம் செய்திருந்தார். எலுமிச்சை அளவுதான் இருந்தது. அஜீஸா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கை மட்டும் மடியிலிருந்த தகட்டைத் தடவிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை இறங்கும் வழியில், பொட்டல் வெளியில் கற்கள் நடப்பட்டிருந்தன. ஃபாயிஸ் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அது கபர்ஸ்தான்க்கா. இந்தப் பக்கத்துல பேரெல்லாம் எழுத மாட்டாங்க. ஆம்பளைக்கு ரெண்டு கல்லு. பொம்பளைக்கு நடுவுல ஒண்ணு சேத்து மூணு. அவ்ளோதான்."

மடியிலிருந்த கை நின்றுவிட்டது.

அத்தா இருந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கபர்ஸ்தானைச் சுற்றி இடுப்பளவுச் சுவர். கொளஞ்சிநாதன் வெளியே நின்றுகொண்டார். வாசலில் இலந்தை மரம் இருந்தது. உஸ்மான் பொய் சொல்லவில்லை. ஃபாயிஸ் ஒன்று, இரண்டு என்று விரல் நீட்டி எண்ணிக்கொண்டே போய், மூன்றாவதின் தலைமாட்டில் மண்டியிட்டான்.

அஜீஸா பின்னால் வந்தாள். தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். நடுவில் இன்னொன்று.

இரண்டாவது கபரைப் பார்த்தாள். இரண்டு கல். நாலாவதிலும் இரண்டு. உஸ்மான் எங்கிருந்து எண்ணினாரோ, நடுவில் எந்தக் கபர் புதிதாக வந்ததோ. இதுவா அதுவா, இல்லை எதுவுமே இல்லையா. சுவருக்கு அப்பால் கொளஞ்சிநாதனும் கற்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

சொல்ல வாய் எடுத்தாள். அதற்குள் ஃபாயிஸ் "அத்தா" என்றான். இருபத்துநாலு வயது ஆம்பளையின் குரல் இல்லை அது. நெற்றியை மண்ணில் வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். பதினாறு வருஷம் எங்கே வைத்திருந்தானோ, அத்தனையும் இந்த முன்பின் தெரியாத பெண்பிள்ளையின் தலைமாட்டில் கொட்டிக்கொண்டிருந்தது.

அஜீஸா கொளஞ்சிநாதனைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் திரும்பிக்கொண்டார்.

"தகட்டக் குடும்மா."

அவன் கையில் கொடுக்கவில்லை. தானே உட்கார்ந்து, நகத்தால் மண்ணைப் பறித்து, எழுத்து கீழே இருக்கும்படி வைத்து மூடினாள்.

"ஏம்மா கவுத்து வைக்கிற?"

"வெயில்ல எழுத்து வெளிறிடும்."

சூளையில் வெந்த நீலம் எந்த வெயிலிலும் வெளிறாது. விருத்தாசலத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியாததில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றான்.

மண்ணைத் தட்டுகிற சாக்கில் அவள் குனிந்தாள். "கோச்சுக்காதம்மா. எம்மவன் அழுதுட்டுப் போவட்டும்" என்று முணுமுணுத்தாள். பிறகு எழுந்து, எந்தக் கபரையும் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து யாசீன் ஓதினாள்.

பக்கத்திலேயே அந்தக் கோட்டை. டிக்கெட் வாங்கி உள்ளே போனார்கள். முகம் தெளிந்திருந்த ஃபாயிஸ், "அத்தா பூசுன சொவரும்மா, கைய வையி" என்று போட்டோ எடுத்தான். வைத்தாள். சாந்து புதுசாக இருந்தது. மழையில் கரையக் கரைய மறுபடி மறுபடி பூசுவார்கள் என்று பலகையில் எழுதியிருந்ததை அவனே படித்துக் காட்டினான்.

திரும்பும் வழியில் கொளஞ்சிநாதன் பேசவில்லை. வண்டியும் நிற்கவில்லை. ஒரு டீக்கடையில் மட்டும் தானாக நிறுத்தி, "சக்கர கம்மியா போடச் சொன்னேன்க்கா" என்று டீயை நீட்டினார்.

"அடுத்த வருஷம் ஹஸ்னாவயும் கூட்டிட்டு வருவோம்மா" என்றான் ஃபாயிஸ். "வருஷா வருஷம் வரலாம். எடம் தெரிஞ்சுபோச்சுல்ல."

"வருவோம்பா."

ஹஸ்னா எல்லாவற்றையும் கேட்டுத் துளைக்கிறவள். கற்களையும் எண்ணுவாள். அதற்கு ஒரு வருஷம் இருக்கிறது. டீ ஆறிக்கொண்டிருந்தது. இனி வருஷா வருஷம் தன் பிள்ளைகள் யாருக்காக அழப்போகிறார்களோ, அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் இருந்திருக்கும் என்று அஜீஸா யோசித்துக்கொண்டிருந்தாள்.