இரண்டு கையும் வேண்டும் என்ற விதி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் ரோலர் கோஸ்டர் ஆபரேட்டராக இருந்தேன். ஒரு ஞாயிறு பிற்பகல் சவரிமுத்து என்பவர் மகளோடு வரிசையில் வந்தார். தஞ்சோங் பகார் துறைமுக வேலையில் இடது கையை முழங்கைக்குக் கீழே இழந்தவர். மடிக்குக் குறுக்கே பூட்டும் கம்பியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், அதுதான் ரூல்ஸ் என்று நிறுத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"போன வாரம் ஒரு வெள்ளைக்காரர் கையில கட்டோட ஏறினாரு. நீங்கதான் கேட்டைத் திறந்து விட்டீங்க."

புகார் எழுதவே வந்த ஆளோ என்று சந்தேகம் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. அன்று சூப்பர்வைசர் காதர் ஏற்றிவிடச் சொல்லித் தூரத்திலிருந்து கையசைத்தார், நான் திறந்தேன். இப்போது காதரிடமே போய்க் கேட்டேன்.

"அவரு டூரிஸ்ட் லா. இவரை ஏத்தி ஏதாச்சும் ஆனா நீதான் பதில் சொல்லணும்."

சவரிமுத்து அடுத்த ஞாயிறும் வந்து கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். என் சந்தேகம் விதியின் மேலேயே திரும்பியது. அறிவிப்புப் பலகையில் உயரம் மட்டுமே இருந்தது, கையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வேண்டாதவர்களைத் தள்ளிவிட வைத்திருக்கும் சாக்கா இது?

மறுநாள் காலை, சோதனை ஓட்டத்தில், இடது கையை பெல்ட்டால் முதுகோடு கட்டிக்கொண்டு நானே ஏறினேன். முதல் இறக்கத்தில் ஒன்றுமில்லை. வளைவில் இடுப்பு கம்பிக்கு அடியில் நழுவியது. வலது கை மட்டும் விட்டிருந்தால் வெளியே போயிருப்பேன். இறங்கி பெல்ட்டை அவிழ்த்தேன். விதி சரி. அப்படியானால் அந்த வெள்ளைக்காரரை நான் எவ்வளவு பெரிய ஆபத்தில் ஏற்றி அனுப்பினேன்?

சவரிமுத்து சொன்னபடி வந்தார். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப அவரையும் ஏத்தியிருக்கக் கூடாது."

"ஆமாண்ணே. தப்பு என்னோடது."

அதை எழுதிக் கொடுக்கச் சொன்னார். வேலை போகலாம் என்று தெரிந்தே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மகளை மட்டும் ஏற்றிவிட்டு, வேலி ஓரம் நின்று, கம்பியைப் பூட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பல வாரம், அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்து ஆபீஸிலிருந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. நானே மேனேஜரிடம் போய்ச் சொல்லி, விதியைப் பலகையில் எழுத வைத்தேன். காதர் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒருவரை விதியைக் காட்டி நிறுத்தும்போது, அதே விதியை யாரிடம் சொல்லாமல் விட்டோம் என்றும் யோசித்துப் பாருங்கள்.