கொல்லை மாடத்துப் பவுடர்

யுத்தம் முடிந்த வருடம், புகுந்த வீட்டுக்குத் திரும்பிய அக்கா தன் குழந்தையின் பவுடர் டப்பாவை எங்கள் வீட்டில் விட்டுப் போனாள். மூடி துருப்பிடித்திருந்தது. பவுடர் கட்டி தட்டி வாசனை போயிருந்தது. இனிக் குழந்தைக்கு ஆகாது என்று அம்மா அதை உதிர்த்துக் கொட்டாங்குச்சியில் போட்டுக் கொல்லைக் கதவோரம் மாடத்தில் வைத்தாள். எறும்பு வரிசை கண்டால் ஒரு தூவல். பட்டுப்புடவையில் எண்ணெய் பட்டால் ஒரு சிட்டிகை. கிறீச்சிட்ட கதவுக்கும் அதுதான்.

பவுடர் வேகமாகக் குறைந்தது. அம்மாவின் சந்தேகம் அண்ணிமேல் விழுந்தது. நகரிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி மூன்று மாதம். எடுத்து முகத்துக்குப் பூசுகிறாள் என்பது அம்மாவின் முடிவு. அம்மா சொல்லி, பவுடரின் மட்டத்தில் ஆணியால் ஒரு கீறல் போட்டேன். மறுநாள் பவுடர் கீறலுக்குக் கீழே இருந்தது. அண்ணியின் முகத்தில் மஞ்சள் தவிர ஒன்றுமில்லை. அதையும் சொன்னேன்.

"தொடச்சிகினு வந்திருப்பா," என்றாள் அம்மா.

ஆடிக்குப் புதுப்பெண்ணை அழைத்துப்போக அண்ணியின் அப்பா வந்தார். உண்மையை ஒத்துக்கொள்ளும்வரை பெண் அங்கேயே இருக்கட்டும் என்று அவரிடம் சொல்லிவிட அம்மா தீர்மானித்திருந்தாள். அண்ணிக்கும் அது தெரியும். பெட்டியருகே தலை நிமிராமல் நின்றாள்.

அம்மா வாயெடுக்குமுன், கிணற்றடியில் குளித்துவிட்டு அப்பா ஈரத்துண்டோடு வந்தார். மாடத்தில் கைவிட்டு மூன்று விரலால் அள்ளி நெற்றியில் இழுத்தார். பிறகு மார்பு, தோள். திருத்தணியில் மாடத்தில் வெள்ளையாக இருப்பது விபூதி. மிச்சத்தை வாய்க்குக் கொண்டுபோனார்.

"மாமா, அத்த வாயில போடாதீங்க," என்றாள் அண்ணி.

"ஏம்மா? ஒரு மாசமா இத்தத்தான் பூசிகினு இருக்கேன். அடிவாரத்துக் கடக்காரன் மேலதான் எனக்கு சந்தேகம். என்னத்தையோ கலக்கறான். நெத்தியில நிக்கவே மாட்டேங்குது."

அண்ணி இதை முன்பே பார்த்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமனாரின் நெற்றியில் குறை சொல்ல மூன்று மாதத்து மருமகளால் முடியாது.

அம்மா சம்பந்தியின் பக்கம் திரும்பி, ஆடி கழிந்த மறுநாளே தானே வந்து பெண்ணை அழைத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

அன்றே கொட்டாங்குச்சியில் விபூதி நிரம்பியது. அதே கடையில் வாங்கியது. அப்பாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் பூசிப் பார்த்துவிட்டு, "மொறச்சிப் பாத்தேன் இல்ல, இப்ப ஒயுங்காக் குடுக்கறான்," என்றார்.