நிறுத்தாதே என்று சுழன்ற விரல்

அருள்தாஸ் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, சிங்கப்பூர் தோ பாயோ காப்பிக்கடையில் நான் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். சத்தியமாக. அவருடைய மின்னிசைக் கேசட்டில் அரபுக் கொட்டு அடித்தது நான்தான் என்று புதிதாக ஒருவரிடம் சொல்லி முடிப்பதற்குள் என் மைத்துனன் வந்து தோளைத் தொட்டான். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஓர் இடத்தில் நிற்காத மனிதர் அவர் என்பது உங்களுக்குத் தெரியும். பூன் லே வீட்டிலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் வழியில் ஏதாவது இயந்திரம் புதுவிதமாக முனகினால் அதை டேப்பில் பிடிக்க பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுவார். பூசை நேரத்திலும் மாதா கோயிலின் கடைசியில், கரகரக்கும் மின்விசிறிக்கு அடியில்தான் நிற்பார். ஒருமுறை சிராங்கூன் சாலைப் பூக்கடைப் பேச்சு மட்டும், வண்டிச் சத்தமில்லாமல் தனியாக வேண்டும் என்றார். நான் கையைக் காட்டி ஐந்து பஸ்களை நிறுத்தினேன்.

"ரெண்டு பஸ். அதுவும் சிவப்பு விளக்குக்கு நின்னுச்சு லா," என்பார். "நீ சொல்றதுல பாதியை அழிச்சுட்டுத்தான் டேப்புல ஏத்தணும்" என்பதும் அவர் வாக்குத்தான்.

எழுபதுகளின் கடைசியில், கழித்துப்போட்ட ரேடியோ பாகங்களைக் கொண்டு அவரே ஓர் ஒலிப்பெட்டி செய்தார். குளிர்பெட்டி முனகுவதுபோல நீளமாக ஓசை வரும். அதோடு மழை, கப்பல் சங்கு, அந்தப் பூக்கடைப் பேச்சு. இதன்மேல் அரபுக் கொட்டு வேண்டும் என்று துணிக்கடை ஐயா என்சிக் யஹ்யாவை அழைத்துவந்தார். மர்வாஸ் என்ற கையகலக் கொட்டை வைத்துக்கொண்டு யஹ்யா மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சும்மா உட்கார்ந்திருந்தார். தாளமே இல்லையே, எங்கே நுழைவது என்று மலாயில் கேட்டார். நான்காம் ஞாயிறும் கொட்டு சேராவிட்டால் கேசட்டையே விட்டுவிடலாம் என்று அருள்தாஸ் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு தன் வீட்டு ஜன்னல்களை மூடி, மின்விசிறியை நிறுத்தி, மூச்சுக்கூட விடாதே என்று என்னை முக்காலியில் உட்காரவைத்தார். நான் கிடங்கில் ஸ்டோர் கீப்பர், இடுப்பில் சாவிக்கொத்து. உட்கார்ந்தால் என் கால் தானாக ஆடும். ஆடியது, சாவியும் குலுங்கியது. கெடுத்துவிட்டேனே என்று காலைப் பிடிக்கப் போனேன். அதற்குள் யஹ்யாவின் விரல்கள் என் சாவிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கொட்டுத் தோலில் இறங்கிவிட்டன. அருள்தாஸ் என்னைப் பார்த்து, நிறுத்தாதே என்று ஆள்காட்டி விரலைச் சுழற்றினார், சுழற்றிக்கொண்டே இருந்தார். நாற்பது நிமிடம் ஆட்டினேன். அவர் மனைவி ரெஜினா, பன்னிரண்டு என்கிறார்.

அதுதான் கேசட்டின் இரண்டாம் பக்கம். அட்டையில் யார் பெயரும் இல்லை. ஆகவே நாளடைவில் என் கதையில் கொட்டும் என்னுடையதாகிவிட்டது. அருள்தாஸ் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டும் ஒருநாளும் மறுத்ததில்லை. காப்பியை மட்டும் சீக்கிரம் குடித்துவிடுவார்.

அடுக்குமாடி பிளாக்கின் கீழே அவர் சவப்பெட்டியை வைத்திருந்த அன்று, முப்பதாம் நாள் செபத்துக்கு வருகிறவர்களுக்கு அந்தக் கேசட்டைப் படியெடுத்துக் கொடுக்கப்போவதாக ரெஜினா சொன்னார். இந்த முறை அட்டையில் பெயர்கள் இருக்க வேண்டுமாம். பேனாவோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கொட்டு யாருண்ணே?"

எனக்குப் பின்னால் காப்பிக்கடைக் கூட்டம் முழுவதும் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் என் கதையைக் கேட்டவர்கள். நான்தான் என்பது வாய் வரைக்கும் வந்தது.

"யஹ்யா," என்றேன். "நான் இல்லம்மா."

"தெரியும்ணே. நான் அடுப்படியிலதானே நின்னேன்," என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

பிறகு அந்த இரண்டாம் பக்கத்தை மெல்ல ஓடவிட்டார். கொட்டுக்கு முன்னால் சாவி வந்தது. என் கால் ஆடத் தொடங்கிவிட்டது. "அங்கிள், சாவு வீடு லா," என்று பின்னாலிருந்து ஒருவர் அதட்டினார்.

"விடுங்க," என்றார் ரெஜினா. "அவரு இன்னும் நிறுத்தச் சொல்லல."

வேலையை விட்டபோது கிடங்குச் சாவிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது என் இடுப்பில் இருப்பவை எந்தப் பூட்டுக்கும் சேராத பழைய சாவிகள். அவற்றையும் அந்த விரலையும்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். மொத்தம் ஐம்பது சாவி.

சரி, இருபத்தைந்து. பாதியை அழித்துவிட்டேன், அருள்தாஸ்.