நியூயார்க் போக ஆறே மணி நேரம்

சிங்கப்பூர் தேக்காவில் விமான டிக்கெட் விற்கிறவர்களுக்கு தூரம் கிலோமீட்டர் கணக்கில் வராது, கேள்விக் கணக்கில்தான் வரும். கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து தொண்டை வறண்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

மீதி எங்கே?

சுவா சூ காங்கிலிருந்து வந்தார் செல்வம் அண்ணன். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். நியூயார்க்கில் ஞாயிறு காலை அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை மணவறைக்கு அழைக்க மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாராம்.

"சனிக்கிழமை 12.10க்குப் புறப்பாடு, அன்றைக்கே காலை ஆறேகாலுக்கு இறங்கிடலாம்" என்றேன். ஆறே மணி நேரமா என்று முகம் மலர்ந்தவரிடம், பதினைந்தாயிரம் கிலோமீட்டர், பதினெட்டு மணி நேரம், அவர்கள் கடிகாரம் நமக்குப் பன்னிரண்டு மணி பின்னால் என்று கால்குலேட்டரைத் தட்டித் தட்டிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அப்ப மீதி பன்னெண்டு மணி நேரத்த யாரு எடுத்துக்கிட்டா?"

திரும்பும் வழி

திங்கள் காலை பதினொன்றுக்குக் கிளம்பி, செவ்வாய் மாலை ஐந்தரைக்கு வந்து சேரும் டிக்கெட். விரல் விட்டு எண்ணினார். முப்பது மணி நேரத்துக்கு மேல் வந்தது.

"போறப்ப ஆறு, வர்றப்ப முப்பதா? பைலட்டுக்கு ரோடு தெரியல லா, வேற ஆளப் போடச் சொல்லு!"

ராகு காலம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் சட்டையோடு மறுபடியும் வந்து நின்றார். "தங்கச்சி, நாளைக்கு நைட்டு ஒம்பது மணிக்கு வீட்டை விட்டு இறங்கலாம்னு பாத்தேன். அங்க அப்ப சனிக்கிழமை காலை ஒம்பது, ராகு காலம்! நம்ம ஊர் ராகு காலம் பாக்கறதா, அவங்க ஊர் ராகு காலமா?"

நான் எழுந்தே விட்டேன். "நாளைக்கா? அண்ணே, சனிக்கிழமை 12.10னா இன்னிக்கு நடுராத்திரி! பிளைட்டு இன்னிக்குத்தான்!" அன்றே அதைப் பிட்டுப் பிட்டு வைக்காதது என் தப்பு. அக்காவின் பெயரைச் சொல்லி அலறியபடி வாசல் வரை ஓடியவர், சட்டென்று திரும்பினார்:

"அங்க வெள்ளிக்கிழமை காலை ராகு காலம் பத்தரைக்கு மேலதானே? அப்ப ஒம்பதுக்கே கிளம்பிடலாம்ல?"

திங்கள் காலை

கடை திறந்ததும் போன். பின்னால் சிரிப்பும் கூச்சலுமாகக் கல்யாண வீடு. மாலை போட்டாராம், அக்கா அழுதாராம், இவரும் அழுதாராம். சந்தோஷத்தில் எனக்கும் கண் கலங்கியது. "இங்க திங்கக்கிழமை ஆயிடுச்சுண்ணே" என்றேன். குதித்தே விட்டார்:

"இங்க இன்னும் ஞாயித்துக்கிழமை நைட்டுதான்! அந்தப் பன்னெண்டு மணி நேரம் கிடைச்சிருச்சு லா, நான் வச்சுக்கிட்டேன்!"

திரும்ப விமானம் ஏறினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று கல்யாண வீட்டில் இருப்பவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.