சுவரும் தொட்டியும் நேராக நிற்கும் இடம்

என் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு இன்றுவரை ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு வராது. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவில் ‘மண்ணை நோண்டுற பொண்ணு’ என்று பேர். உண்மையில் தொல்லியல் படித்த நாங்கள் தோண்டுவதுகூட இல்லை. சனங்கள் விட்டுப்போன ஊரை நடந்து நடந்து பார்த்து, எங்கே வீடு, எங்கே கிணறு, எங்கே பாதை என்று வரைபடத்தில் குறிக்கிறோம். அவ்வளவுதான்.

அந்த வருடம் நோணாங்குப்பத்துக்குத் தெற்கே ஒரு பழைய மீனவர் குப்பத்தைக் குறித்துக்கொண்டிருந்தோம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் சுங்கச்சாவடியைச் சுற்றி உண்டான ஊர். கடல் உள்ளே வந்துகொண்டே இருந்ததால் எல்லோரையும் ரோட்டுக்கு மேற்கே புது வீடுகளுக்கு மாற்றிவிட்டார்கள். சாவடியின் ஒரு சுவரும் ஒரு கிணறும் நிறைய ஓட்டுச்சில்லுகளும்தான் மிச்சம்.

அங்கேதான் அந்த அக்கா என்னைத் தேடி வந்தார். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர். புருஷன் இறந்து, அடக்கமும் முடிந்து, மறுநாள் கருமாதி.

“நீதான் பழைய ஊர வரையற பொண்ணா? எம் புள்ளைய பொதச்ச எடத்தக் காட்டும்மா. ஒரு புடி மண்ணு எடுத்தாந்து அவரு குழி தலமாட்டுல போடச் சொல்லணும்.”

கைக்குழந்தையிலேயே போன பிள்ளை. பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கம் அங்கே இல்லை. அதனால் பெற்றவள் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. புருஷனும் கல் எதுவும் நடவில்லை. நடுக்கடலில் மீன் படும் இடத்துக்குக் கரையைப் பார்த்து அடையாளம் வைப்பார்களே, அதே மாதிரி வைத்துவிட்டு வந்து மனைவியிடம் சொல்லியிருக்கிறார். சாவடிச் சுவரின் மூலையும் அதன் பின்னால் ரோட்டோரம் இன்றும் நிற்கிற உயரமான தண்ணீர்த்தொட்டியும் ஒரே நேராகத் தெரிய வேண்டும். வடக்கே பார்த்தால் இரண்டு பனைகளும் ஒன்றை ஒன்று மறைக்க வேண்டும். இரண்டும் ஒத்துவரும் இடம்தான் குழந்தை இருக்கும் இடம்.

பனைகள் எப்போதோ விழுந்துவிட்டன. ஆனால் அவற்றின் அடித்தூர்களை அங்கே வேலை தொடங்கியபோதே நான் குறித்து வைத்திருந்தேன். அடேயப்பா, என் படிப்பு ஒருத்திக்காவது உதவப்போகிறதே என்று எனக்கு ஒரே பூரிப்பு. “இருங்கக்கா, இப்பவே சொல்றேன்” என்று லேப்டாப்பைத் திறந்து இரண்டு கோடுகளையும் இழுத்தேன்.

கோடுகள் கடலுக்குள் போய்ச் சந்தித்தன.

தப்பாக இருக்கட்டும் கடவுளே என்று திரும்பவும் போட்டேன். சனியன், அதே இடம். அலை உடையும் இடத்தையும் தாண்டி. வாய்க்கொழுப்பில் இப்பவே சொல்றேன் என்றேனே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

“அக்கா, அது தண்ணிக்குள்ள போயிடுச்சுக்கா. மண்ணு எடுக்க முடியாது.”

அவர் அழவில்லை. அழுதிருந்தால் கையையாவது பிடித்திருப்பேன். “எங்க, கை காட்டு” என்றார். காட்டினேன். இரண்டு படகுகள் அங்கே வலை விட்டுக்கொண்டிருந்தன. அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அங்கதான் எறா படும். ஊரே வலை வுடும். எங்க வூட்டுக்காரரு மட்டும் வுடவே மாட்டாரு. வெறுங்கையோட வந்து நிப்பாரு. கையாலாவாத ஆளுன்னு நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ஒரு வார்த்த பேசமாட்டாரு.”

படகிலிருந்து பார்த்தாலும் சுவரும் தொட்டியும் நேராகத்தான் தெரிந்திருக்கும். அந்த மனிதருக்கு அது எந்த இடம் என்று தெரிந்திருக்கிறது.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்லம்மா?” என்று என்னைக் கேட்டார். “நான் திட்டாம இருந்திருப்பேனே.”