சார்ஜரைக் கம்ப்யூட்டர் என்ற போன்

போன் தயாரித்து விற்கும் கம்பெனியில் புரோகிராம் எழுதுபவள் அவள். போனின் அடிவயிற்றில் ஓடும் ‘கர்னல்’ என்ற அடிப்படை மென்பொருளில் ஒரு துண்டு அவள் எழுதியது. வயரைச் செருகினால், மறுமுனையில் இருப்பது சார்ஜரா கம்ப்யூட்டரா என்று அது கண்டுபிடிக்க வேண்டும். மின்சாரம் முந்திக்கொண்டு வந்துவிடும். தகவல் போகும் கம்பிகள் சற்றுப் பிந்தித்தான் தொடும். எல்லாம் ஒழுங்காகப் படியும்வரை கண்ணிமைக்கும் நேரம் பொறுத்திருக்கும்படி எழுதியிருந்தாள். சார்ஜ் ஏறும் படம் திரையில் தாமதமாக வருகிறதாம். அந்தக் காத்திருப்பை வெட்டச் சொன்னார் மேலாளர்.

“ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு சார்” என்று சிரித்தாள். வெட்டினாள்.

அந்தப் போன்கள் கம்பெனியிலேயே பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆட்களுக்கும் போயின. அவர்களில் ஒருவன் அவளுடைய அண்ணன். பைக்கிலேயே சார்ஜ் போட்டபடி ஓட்டுவான். பள்ளம் வந்தபோதெல்லாம் வயர் ஆடியது. கர்னல் அவசரப்பட்டு ‘கம்ப்யூட்டர்’ என்று பதிந்தது. போனைக் கம்ப்யூட்டரில் மாட்டி வாடிக்கையாளர் விவரங்களைத் திருடுகிறான் என்று மேலாளர் அவனைக் கூப்பிட்டார்.

“எங்கிட்ட கம்ப்யூட்டரே இல்லையே சார்!”

“மெஷின் பொய் சொல்லுமாடா?”

குறி சொல்பவரைக் கண்டால் சிரிக்கிற படிப்பாளிகள்தான் இவர்கள். போன் குறி சொன்னால் மட்டும் கைகட்டி நிற்பார்கள். அன்றைக்கே வேலை போயிற்று.

நடந்ததை அண்ணன் சொன்னதும், தான் வெட்டிய வரிகள் அவளுக்கு நினைவுக்கு வந்தன. மறுநாள் மேலாளர் முன்னால் சார்ஜரைச் செருகி, வயரை ஆட்டிக் காட்டினாள்.

“பாருங்க சார். சுவத்துல இருக்கிறது சார்ஜர். போன் கம்ப்யூட்டர்ங்குது.”

அவரும் ஆட்டிப் பார்த்தார். “அட, ஆமாம்மா! உடனே சரி பண்ணிடு.”

“எங்கண்ணன்?”

“அவனை மட்டும் எப்படிம்மா கூப்பிடறது? இதே மாதிரி வெளிய போனவன் எல்லாம் வாசல்ல வந்து நிப்பான். தப்பு நம்மளதுன்னு தெரிஞ்சா போனை எவன் வாங்குவான்?”

“அப்ப திருட்டுப் பட்டம்?”

“உனக்கு வேலை இருக்கில்ல? அதைப் பாரு.”

பூப்போலத்தான் சொன்னார். கத்தி இறங்கிய இடம் அவளுக்குத் தெரிந்தது. வெட்டிய வரிகளை மீண்டும் எழுதினாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டான்: “காட்டினியா?”

“காட்டினேண்ணா.”

“ஒத்துக்கிட்டாங்களா?”

“ஒத்துக்கிட்டாங்க.”

அவன் ஓடிப்போய்க் கம்பெனிச் சட்டையை எடுத்து மாட்டினான். “எப்ப வரச் சொன்னாங்க?”

“வரச் சொல்லலைண்ணா.”

பொத்தானில் இருந்த கை நின்றது. “அப்ப என்னத்தடி சரி பண்ணே?”

“போனை.”

“கெட்டிக்காரி” என்றான். சட்டையைக் கழற்றத் தொடங்கினான்.